தோள்மேல் ஒரு கை

ஊரூர் குப்பம்,
ஞாயிறு காலை

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு அப்பா முருகையன் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் பேனா எடுத்தேன். நலமாக இல்லாததால் விட்டுவிட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ போனை எடுக்காததிலிருந்து உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. நேற்று அடையாறு சிக்னலில் பச்சை விழுந்தும் ஆட்டோவை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்தவன் சொன்னதை எழுத முடியாது, அம்மாவும் படிப்பாள்.

நான் வைத்த பேனரை யாரோ படம் எடுத்து உனக்கு அனுப்ப, "அப்பா, மத்தவங்க எங்கே?" என்று கேட்டாயே, அதுதான் கடைசி. அதற்குப் பதில் இது. போனில் தட்டினால் எனக்கு இரண்டு வார்த்தைக்கு மேல் வராது.

புனேயில் தருகிற விருது உங்கள் குழுவுக்கு என்று நீ சொன்னது காதில் விழத்தான் செய்தது. வேதியியல் ஆராய்ச்சி செய்தவர், பாடம் நடத்தியவர், தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டியவர், எல்லாருக்கும் சேர்த்து ஒரே விருது என்றாய். ஆனால் நம் பக்கம் பேனர் என்றால் நடுவில் ஒரு முகம், பெரிதாக. காதுகுத்தோ கட்சியோ, அதுதான் வழக்கம். எட்டாவதோடு நின்ற மூளைக்கு வேறென்ன தெரியும்?

போன கோடையில் செம்பருத்தித் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து சிவப்பாக்கி, சோப்புத் தண்ணீர் விட்டுப் பச்சையாக்கி, நம் பிள்ளைகளை வாய் பிளக்க வைத்தீர்களே, அன்றைக்கு எல்லாரும் சேர்ந்து எடுத்த படத்தைத்தான் ராயப்பேட்டையில் ரகுபதியின் பேனர் கடைக்குக் கொண்டுபோனேன். "வேதியியல் வேங்கையே" என்று வாசகம் எழுதியதும் நான்தான். சிரிக்காதே. சிரிப்பதானால் போன் செய்து சிரி.

மற்றவர்களை ரகுபதியே வெட்டிவிட்டார். உன் பக்கத்தில் நின்ற தௌசீஃபை மட்டும் வெட்டவில்லை. "நைனா, இவரு கை பாப்பா தோள்மேல கீது. ஆளை வெட்டுனா கை அந்தரத்துல நிக்கும். இவரு மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே" என்றார். கை தோள்மேல் இருந்ததாலேயே ஆளை வெட்டச் சொன்னேன். ஊர் ஒன்று கேட்கும், நான் ஒன்று சொல்ல வேண்டிவரும் என்று பயம். உன் கோபம் இதற்குத்தான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

ஆள் இருந்திருந்தால் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள். ஆளில்லாத கையைப் பார்த்ததும் குப்பமே கேட்கிறது. "இன்னா முருகையா, பொண்ணு தோள்ல யாரு கை அது? சாமி ஆசீர்வாதம் பண்ணுதா?" என்று ஜோதிலட்சுமி அக்கா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. "கையை மறைக்கத் தெரியாத ஆளு, ஆளை மறைக்கப் போனியாக்கும்" என்றாள். அப்புறம், கேட்காமலே, "அந்தப் புள்ள அன்னிக்கு நம்ம வூட்ல சாப்ட்டுட்டுத் தட்டைக் கழுவி வச்சிட்டுப் போச்சு" என்றாள்.

பேனரை நானே ஏறி இறக்கிவிட்டேன். மறுபடி ரகுபதியிடம் போய் முழுப் படத்தையும் போடச் சொன்னேன். "இத்தினி தலை வச்சா பாப்பா கடுகு மாதிரி தெரியும் நைனா" என்றார். தெரியட்டும் என்றேன். கீழே போடப் பெயர் கேட்டார். ஈவ்லின் டீச்சர், பூஜா, தௌசீஃப் என்று சொல்லி நின்றுவிட்டேன். குடை பிடித்தபடி நிற்பவர், அன்று வெயிலில் பாட்டில் கழுவிக்கொண்டே இருந்த பெண்மணி, ஓரத்தில் உயரமானவர். எல்லாரும் நம் வாசலில் டீ குடித்தவர்கள். ஒருவர் பெயரும் நான் கேட்டு வைக்கவில்லை. எல்லார் பெயரையும் தமிழில் எழுதி அனுப்பு.

தௌசீஃப் நின்ற இடத்திலேயே நிற்கிறார். கையும் அங்கேயேதான் இருக்கிறது.

விருது வாங்கி எல்லாரும் நன்றாக இருங்கள். லீவு கிடைத்ததும் புறப்பட்டு வா, தனியாக வராதே. வஞ்சிரம் வாங்கி வைக்கிறாளாம் அம்மா, நாலு தட்டு என்று எழுதச் சொன்னாள். யார் கை என்று குப்பத்தில் யார் கேட்டாலும் இனி நான் பதில் சொல்கிறேன். என்ன சொல்ல வேண்டும் என்று நீ போன் செய்து சொல்லிக்கொடு கண்ணு.

உன் போனுக்காக ஆட்டோவை ஓரமாகவே ஓட்டிக்கொண்டிருக்கும்
அப்பா
முருகையன்