நீல டிரம்

செப்டம்பர் 21
லாரித் தண்ணீர் இனி ஐந்து நாளைக்கு ஒருமுறைதானாம். ஒரகடத்தில் நிமிஷத்துக்கு ஒரு கார் செய்கிறோம், குளிக்கத்தான் வழியில்லை. நல்லவேளை, அறை மூலையில் என் நீல டிரம் இருக்கிறது. தண்ணீர் கண்ணாடி மாதிரி.

செப்டம்பர் 25
கொசு ஒழிப்புக்குப் பஞ்சாயத்திலிருந்து வரும் எழிலரசி அக்கா, வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் டிரம்மில் மருந்தை ஊற்றிவிட்டுப் போனார். ஒரே நாற்றம். எனக்கு வந்ததே கோபம்! சாயங்காலம் லாரி வந்ததும் அத்தனையையும் சாக்கடையில் கொட்டிவிட்டுப் புதுசாகப் பிடித்தேன். கொசு இருப்பது அங்கேதானே?
"ஏட்டி, ஒனக்கு இருக்க மூளைக்கு நீ கலெக்டரால்லா ஆயிருக்கணும்" என்றாள் அறைத்தோழி பேச்சி.

அக்டோபர் 3
எங்கள் லைனில் ஒருத்தியைத்தான் பெர்மனென்ட் ஆக்குவார்களாம். மாசக் கடைசி வரை லீவே போடாதவளுக்கு. மிச்சமிருப்பது நானும் பேச்சியும். கிடைக்காவிட்டால் ஊருக்கு வந்து மாமனைக் கட்டிக்கொள் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார். எனக்கும் வேண்டும் இந்த வேலை. எப்படியாவது வேண்டும்.
எழிலரசி அக்கா கதவைத் தட்டினார். தூங்குவது போல் கிடந்தேன்.

அக்டோபர் 10
எனக்குப் பகல் ஷிப்ட், அவளுக்கு ராத்திரி. பகலில் கொசு தூங்கவே விடவில்லை என்கிறாள். நான் ராத்திரி கொசுவர்த்தி ஏற்றிக்கொண்டு சுகமாகத் தூங்குகிறேன். சாக்கடையை மூடச் சொல்லி வீட்டுக்கார சொர்ணம்மாளிடம் ஒரு மூச்சு சண்டை போட்டேன்.

அக்டோபர் 21
பேச்சிக்குக் காய்ச்சல்.

அக்டோபர் 23
டெங்கு. ஆஸ்பத்திரியில சேத்தாச்சு. ரத்தத்தில் என்னவோ இறங்கிக்கிட்டே போகுதாம். கடவுளே, அவளுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது. பெர்மனென்ட்டும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம் —
இன்றும் வேலைக்குப் போனேன்.

அக்டோபர் 24
எழிலரசி அக்கா வந்து டிரம்முக்குள் டார்ச் அடித்தார். குட்டிக் குட்டிப் புழுக்கள் நெளிந்தன.
"இன்னாம்மா இது? நான் ஊத்துன மருந்து எங்க?"
"சாக்கடைல கொட்டிட்டேன்க்கா."
"டெங்கு கொசு சாக்கடைல முட்டை வைக்காதும்மா. அதுக்கு நல்ல தண்ணிதான் வோணும். கடிக்கிறதும் பகல்லதான்."
பகலில் இந்த அறையில் படுத்திருந்தது யார்? நான் இல்லை.

அக்டோபர் 31
பெர்மனென்ட் எனக்குத்தான். சூப்பர்வைசர் எல்லோரையும் கை தட்டச் சொன்னார். சுத்தம், ஒழுங்கு, முழு வருகை, மூன்றுக்கும் நான்தான் உதாரணமாம்.

நவம்பர் 4
பேச்சி பிழைத்து வந்துவிட்டாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நிற்கிறது. நாளைக்கு அவள் அப்பா கூட்டிப்போக வருகிறார்.
வேலையை விடுவதாக எழுதித் தர வேண்டுமாம். "ஒன் எழுத்துதாம்ட்டி நல்லாருக்கும், நீயே எழுது" என்றாள். காரணம் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருக்க வேண்டும். 'உடல்நிலை' என்று எழுதினேன். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டாள்.