இடது கன்னத்துச் சந்தனம்

செங்கோட்டு வேலவர் துணை

சேலம் ஜங்ஷன்,
ரயில்வே லைன் வீடுகள்,
சுபானு வருடம், ஐப்பசி மாதம்.

அன்பிற்குரிய தம்பி செல்லமுத்துவுக்கு அக்காள் பாவாயி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் மச்சானும் குழந்தைகளும் சுகம். உன் சுகத்தை உன் கையெழுத்தில் பார்க்க வேண்டும் என்று நாலு மாதமாகத் தபால்காரரை நடுத்தெருவில் நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் அவர் என்னைக் கண்டால் சைக்கிளை வேறு தெருவுக்குத் திருப்பிவிடுகிறார்.

உன் மச்சானுக்கு நீ எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. ஊர்ப் பெயர் வருகிற இடத்தில் எல்லாம் பட்டாளத்துக்காரர்கள் மை பூசியிருந்தார்கள். பூசாமல் விட்டதில்தான் உனக்குத் தீப்பட்ட சேதி இருந்தது. அக்காவுக்குத் தெரிய வேண்டாம் என்று வேறு எழுதியிருக்கிறாய். பாவம், அந்த மனுஷர் அதைச் சாப்பாட்டுத் தூக்கின் அடியில் வைத்துக்கொண்டு ஆத்தூர் பாசஞ்சரை ஓட்டிப் போய் வந்தார். போட்டுக் கொடுத்த சோறு போட்டபடியே திரும்பி வந்தது. வாசலை மறித்து நின்று என்ன சங்கதி என்று கேட்ட பிறகுதான் எடுத்து நீட்டினார். அவரை ஒளிக்கச் சொன்னாயே, பதினைந்து வருஷமாக அவருக்குச் சோறு போடுகிறவள் நான் என்பது உனக்கு நினைவில்லையா?

பட்டாளத்துக்காக நீ வேலை பார்க்கப் போன அந்த நாட்டில் ரயில் என்ஜினுக்குக் கரி கிடையாது, எண்ணெயை ஊற்றித்தான் எரிக்கிறார்கள் என்று முதல் கடிதத்திலேயே நீ எழுதியிருந்தாய். தெரிந்தும் நம் என்ஜின் ஷெட்டில் கரியடுப்பைப் பார்க்கிற மாதிரி கதவைத் திறந்து, புருவத்தில் கையை வைத்துக் குனிந்து பார்த்தாயாமே. உன்னைத் திட்ட வேண்டும் என்றுதான் இருந்தேன். உன் மச்சான் தடுத்துவிட்டார். கரி போட்டுப் பழகியவன் எவனும் அப்படித்தான் குனிவான், நீ சோற்றுலை மூடியை யோசித்தா திறக்கிறாய் என்று என்னையே கேட்டார். அணைந்துபோன எண்ணெய் உள்ளே சூட்டுக் கல்லில் மறுபடி பற்றிக் குப்பென்று வெளியே பாய்ந்திருக்கிறது. கன்னமும் காதும் கழுத்தும் போயிற்று, கண் தப்பியது. கண் தப்பியது என்ற அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை படித்தேனோ. அம்மா போனபின் உன்னை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் நான். உன் முகத்தில் தீப்பட்டால் எனக்குச் சோறு இறங்குமா?

அதையாவது பொறுத்துக்கொண்டேன். அடுத்த பக்கத்தில் எழுதியிருந்தாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. சின்னுசாமி மாமன் மகள் வசந்தாமணியை எடப்பாடிக்காரர்களுக்கே கொடுத்துவிடச் சொல்லுங்கள், என் முகத்தை நானே கண்ணாடியில் பார்ப்பதில்லை என்று. நீ கப்பல் ஏறும் முன்னே தாம்பூலம் மாற்றிப் பேசி முடித்த பெண் அவள். எடப்பாடியில் தோட்டமும் தறியும் உள்ள ஒரு குடும்பம் அவளைக் கேட்கிறது என்று ஆடியில் நான் எழுதியது, உனக்கு ரோசம் வந்து மாமனுக்கு ஒரு கடிதமாவது போடுவாய் என்றுதான். விட்டுக்கொடுக்க அல்ல.

மாமா பேரிலும் குற்றம் சொல்ல முடியாது. உன்னிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நிலக்கடலை பிடுங்க வருகிற ஆட்கள்கூட அந்தப் பட்டாளத்துப் பையன் என்ன ஆனான் என்று வசந்தாமணி காதுபடக் கேட்கிறார்களாம். எடப்பாடிக்குத் தீபாவளி கழித்துப் பதில் சொல்கிறேன் என்று மாமா சொல்லிவிட்டார். சொன்னால் சொன்னதுதான், அவரை உனக்குத் தெரியும்.

நீ சொன்னபடியே சொல்லிவிடுவது என்று நான் முடிவு செய்தேன். ஆனால் இதைக் கடிதத்தில் எழுதக் கை வரவில்லை. ஆயுத பூசைக்கு ஷெட்டுக்கு வாருங்கள் என்று மாமாவையும் பெண்ணையும் கூப்பிட்டேன். என் கல்யாணத்துக்குப் பின் அவர் இந்த லைன் பக்கம் வந்ததே இல்லை. நம் வீட்டுத் தண்ணீரில்கூடக் கரி வாசம் அடிக்கிறது என்பார். இந்தத் தடவை வந்தார். என்ஜினைப் பக்கத்தில் பார்த்ததே இல்லை என்று வசந்தாமணி பிடிவாதம் பிடித்தாளாம். சங்ககிரியில் ரயிலேறி, அத்தை கொடுத்த கடலை மூட்டையோடு வந்து இறங்கினார்கள். அவள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ரேஷன் அரிசியில் கல் கிடக்கிறது, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நிற்கிறோம் என்று கண்டதையும் பேசிக்கொண்டு நடந்தேன்.

யுத்தம் வந்ததிலிருந்து நம் என்ஜின்களுக்கு ஆறிக் குளிர நேரமே இல்லை. பட்டாள ஸ்பெஷல் ஒன்று போனால் இன்னொன்று வந்து நிற்கிறது. இருந்தாலும் பூசைக்கு என்று அரை நாள் விட்டார்கள். என்ஜினுக்கு நெற்றிப் பக்கம் முழுக்கத் திருநீறும் குங்குமமும், இரண்டு பக்கமும் வாழைக்கன்று, கழுத்து நிறையச் செவ்வந்தி மாலை. உன் மச்சான் பித்தளைக் குழாய்களை எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துத் தேய்த்து, வீட்டுக் குத்துவிளக்குக்கு ஒரு பழம்கூட மிச்சம் வைக்கவில்லை. ஷெட்டுப் போர்மேன் துரைகூடப் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். உன்னைப் பற்றி விசாரித்தார். வந்தால் உன் வேலை உனக்குத்தான் என்று சொல்லச் சொன்னார்.

பூசை முடிந்ததும் நம் ஷெட்டு வழக்கம் உனக்குத் தெரிந்ததுதான், வசந்தாமணிக்குத் தெரியாது. டிரைவர்களும் பயர்மேன்களும் என்ஜின் வெந்நீரில் குளித்து, வெள்ளைச் சட்டையின் கையைச் சுருட்டி விட்டுக்கொண்டு வரிசையாக வந்து நின்றார்கள். அவரவர் வீட்டுப் பெண்கள் சந்தனக் கிண்ணத்தோடு போய், அவரவர் ஆளின் தீத்தழும்பில் சந்தனம் பூசினோம். தீ இன்னொரு முறை தொடக் கூடாது என்று. யுத்தத்துக்குப் போனவர்கள் அங்கே இல்லை அல்லவா, அவர்கள் விட்டுப்போன கரி அள்ளும் கரண்டியைத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். உன் பெயரின் முதல் எழுத்தைக் காம்பில் வெட்டி வைத்தாயே, அதையும் உன் மச்சான் துடைத்து வைத்திருந்தார். அதற்கு நான்தான் பூச வேண்டும்.

மச்சானுக்கு முழங்கையில் பூசிவிட்டுத் திரும்பினேன். வசந்தாமணி வரிசையில் நின்றவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும் ஏதாவது ஒரு இடத்தில் இருந்தது. பெரிய டிரைவர் சடையனுக்குக் காது மடலே பாதி இல்லை. அவர் வீட்டுப் பெருமாயி அந்தப் பாதிக் காதுக்குப் பூசிவிட்டு, மிச்சத்தை அவர் மூக்கில் தடவிச் சிரித்தாள். வசந்தாமணி உன் கரண்டியைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அவுங்களுக்கு எந்த எடத்துலீங்க?" என்று கேட்டாள்.

இருக்கிறதா என்று கேட்கவில்லை. எந்த இடத்தில் என்று கேட்டாள். வீட்டிலிருந்து நான் யோசித்துக்கொண்டு வந்த சுற்றுப்பேச்சை எல்லாம் விட்டுவிட்டேன். இடது கன்னம், காது, கழுத்து என்றேன். நீ எழுதியதையும் சொல்லிவிட்டேன், எடப்பாடிக்கே கொடுத்துவிடச் சொன்னதையும் மறைக்கவில்லை. அழுவாள் என்று தாங்கிப் பிடிக்கத் தயாராக நின்றேன். அவளுக்கு வந்தது கோபம். "என்னைக் கேக்காம என்னைய இன்னொருத்தருக்குக் குடுக்கறதுக்கு இவுங்க ஆருங்க?" என்றாள். அந்தக் கோபத்தைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது.

என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டு நேரே உன் கரண்டி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். விரலில் சந்தனத்தை எடுத்தவள் அப்படியே கையை நிறுத்தினாள். "இதுக்கு எது எடது பக்கமுங்க?" என்று சுற்றி நின்ற பெண்களைக் கேட்டாள். எல்லாரும் சிரித்துவிட்டோம். எங்களுக்கும் தெரியவில்லை. சடையன்தான் வந்து, கரண்டியை எடுத்து நிமிர்த்தி, "பையன் உன்னைப் பாத்து நிக்கறான்னு வெச்சுக்க சாமி, இதான் எடது" என்று தொட்டுக் காட்டினார். அவள் பூசினாள். புண் ஆறாத இடத்தில் பூசுவது போல அவ்வளவு மெதுவாகப் பூசினாள். நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

மாமா எதிரில் நிற்கிறார் என்பதே எனக்கு அப்புறம்தான் உறைத்தது. வீட்டுப் பெண்தான் பூசலாம் என்பதை உன் மச்சான் அவருக்கு முன்னமே சொல்லியிருக்கிறார். தாலி ஏறாத பெண், அத்தனை பேர் முன்னால். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்விடுவாரோ என்று நான் அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கண் நன்றாகத் தெரிகிறதா என்று மட்டும் உன் மச்சானிடம் கேட்டார். தெரிகிறது என்றதும் அவருக்கு வந்ததே ஆத்திரம். "தழும்புக்குப் பயந்தா நான் எடப்பாடிப் பேச்சுக்குக் காது குடுத்தேன்? கெணத்துல கவலை எறைச்சு வடம் அறுத்து என் கையிலதான் எத்தனை கெடக்குது. ஒரு வரி எழுதாம இருந்தானே, அதுக்குத்தானுங்க மாப்ளே வவுறு எரியுது" என்றார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, வாழைக்கன்றைச் சரியாகக் கட்டவில்லை என்று பக்கத்தில் நின்றவரைப் பிடித்துத் திட்டினார்.

போகும்போது நம் வீட்டில் சாப்பிட்டார். இரண்டு செம்புத் தண்ணீர் குடித்தார். கரி வாசம் பற்றிப் பேச்சே இல்லை. தை பிறக்கும்வரை எடப்பாடிக்குப் பதில் சொல்லாமல் இழுத்துப் பிடிக்கிறேன், அதற்குமேல் என்னால் ஆகாது, வேண்டாம் என்று எழுதிய கையாலேயே வேண்டும் என்று அவன் எழுதட்டும் என்று சொல்லிவிட்டு ரயிலேறினார். அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். இனிமேல் எங்கள் கையில் ஒன்றுமில்லை, உன் கையில்தான் இருக்கிறது.

வசந்தாமணி வண்டி நகரும்போது என்னிடம் ஒன்று கேட்டாள். உன் போட்டோ வேண்டுமாம். போகும்முன் எடுத்தது வேண்டாமாம், இப்போது எடுத்ததுதான் வேண்டுமாம். பட்டாளத்தில் படம் பிடிக்கிறவர்கள் இருப்பார்கள் என்கிறார் உன் மச்சான். கட்டு அவிழ்த்ததும் போய் எடு. தொப்பியைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு நிற்காதே. முகத்தை ஒருபக்கம் திருப்பாதே. எடுத்து, மாமாவுக்கு நாலு வரியும் எழுதி, நேரே அவர் விலாசத்துக்கே அனுப்பு. எனக்கு அனுப்பினால் நான் கொடுக்காமல் வைத்துக்கொண்டாலும் கொள்வேன்.

எண்ணெய் அடுப்பைக் குனிந்து பார்க்காதே. களிம்பு போடுவதை நிறுத்தாதே. வெயிலில் நிற்கும்போது ஈரத்துணி சுற்றிக்கொள். உன் மச்சான் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார். குழந்தைகள் மாமா எப்போது வருவார் என்று கேட்கிறார்கள்.

நேற்று அத்தை ஆள் மூலம் முருங்கைக்காய் அனுப்பியிருந்தாள். கூடவே ஒரு சேதியும். வந்தவர்கள் உட்காருகிற ஆசாரத்துச் சுவரில் மாமா ஒரு புது ஆணி அடித்திருக்கிறாராம். எதற்கு என்று கேட்டால் சும்மாதான் என்கிறாராம். வசந்தாமணி அந்த இடத்தில் சுண்ணாம்பு பூசி வைத்திருக்கிறாளாம்.

பொங்கல் வருகிறபோது அந்த ஆணி உன் போட்டோ இல்லாமல் வெறுமனே இருக்கக் கூடாது. வேலவன் உன்னைக் காப்பாற்றுவான். நீ வந்து இறங்கியதும் இரண்டு கையாலும் உன் கன்னத்தை வழித்து நான் நெட்டி முறிக்க வேண்டும். இரண்டு கன்னத்தையும்தான். வேறு எந்த முகமும் எனக்கு வேண்டாம், அந்த முகத்தோடேயே வந்து சேர், சாமி.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அக்காள்
பாவாயி