கேக்கில் எழுந்த மெல்றோஸ் மடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா?

சனிக்கிழமை, மோராக் என்ற ஸ்கொட்லாந்துப் பெண்மணியின் பிறந்தநாளுக்கு, அவருடைய ஊரின் மெல்றோஸ் மடத்தைக் கேக்காகச் செய்தேன். துறவிகள் கட்டிய அந்த மடம் போர்களில் எரிந்து, இன்று கூரையில்லாமல் நிற்கிறது. படத்தைப் பார்த்து ஒவ்வொரு ஜன்னலையும் ஐசிங்கில் செதுக்கினேன். வேனில் கொண்டுபோகையில் ஒரு வளைவு உடைந்துவிட்டது. பேக்கரி முதலாளி குணரத்தினம் அண்ணை தலையில் கைவைத்தார்.

மோராக் சிரித்தார். “அங்கேயும் உடைந்துதானே நிற்கிறது!” என்றவர், என் கையைப் பிடித்து விருந்தினர்களிடம், “என் மடத்தைக் கட்டியவர் இவர்” என்றார்.

“உன்ர அம்மா இதைப் பாத்திருக்கவேணுமடா,” என்றார் அண்ணை.

கேக்கின் படத்தை இக்கடிதத்துடன் வைத்திருக்கிறேன், அப்பாவுக்கும் காட்டுங்கள். நான் தொலைபேசியில் அழைத்தால் உடனே வானொலியை நிறுத்திவிடுகிறீர்கள்; இனிக் கதைக்கும்போது நிறுத்தவேண்டாம், அம்மா. வீட்டுச் சத்தமும் கேட்கட்டும்.

வேலைக்குப் போகும் வழியில், நிலையத்தில் இருந்து எழுதுகிறேன்; ரயில் வந்துவிட்டது.

உங்கள் மகன்,
திலக்சன்