மத்தியான மாத்திரை

புதன்கிழமை.

மத்தியானம் என் மனைவி சரசுவுக்கு மார்ஃபின் கொடுக்கவில்லை. பனியன் கம்பெனியில் அவளை விரட்டிக்கொண்டிருந்த செக்கிங் சூப்பர்வைசர் மாதிரி நடந்து காட்டினேன். படுத்தபடியே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். புற்றுநோய் வலிதான் இல்லையே, எதற்கு மாத்திரை என்று விட்டுவிட்டேன்.

நாலு மணிக்குக் கத்த ஆரம்பித்தாள். போன் போட்டதும், வீட்டுக்கு வந்து அவளைப் பார்த்துக்கொள்ளும் நர்சம்மா வந்து மாத்திரை கொடுத்தாள்.

"வலி எங்கயும் போகலீங்கப்பா. அந்தச் சேதி மூளைக்குப் போகாம மருந்து தடுத்து வெக்குது, அவ்வளவுதான். வேகம் கொறஞ்சா திரும்ப வந்துரும். சிரிச்சாலும் நேரத்துக்குக் குடுக்கோணுங்க."

வலி அடங்கியதும் சரசு கேட்டாள்: "ஏனுங்க, உங்க கூத்தப் பாத்து வலி ஓடிப்போச்சுன்னு நெனச்சுப்போட்டீங்களாக்கும்?"

ஆமாம், அப்படித்தான் நினைத்தேன்.

இப்போது தூங்குகிறாள். முகம் சிரித்த மாதிரி இருக்கிறது. பார்க்கப் பயமாக இருக்கிறது.