பதினேழாம் எண் மாடு

நாள் 203 / 09:10
செவ்வாய்க் கோள், வடசமவெளி கால்நடை நோயறி ஆய்வகம். பொறுப்பு: டாக்டர் மங்கையர்க்கரசி. பணியாளர் எண்ணிக்கை: ஒன்று. காற்றழுத்தம் சரி. உறைபெட்டி சரி. புழுதிப்புயலுக்கு இன்றோடு நாற்பத்தொரு நாள், அதற்கு மட்டும் விடுப்பே கிடையாது.

இதை எடுத்துப் படிப்பவர் யாராக இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள்: இது வணிக ஆய்வகம். பண்ணைகள் மாட்டு இரத்தம் அனுப்பும், நோய் உண்டா இல்லையா என்று நாங்கள் அறிக்கை தருவோம். ஆறு பண்ணைகள் இருந்தன. குமிழ்க் காய்ச்சல் வந்து ஐந்தை மூடிவிட்டது. மாட்டுக்கும் வரும், மனிதருக்கும் தொற்றும் காய்ச்சல். அதற்கான பரிசோதனையை உருவாக்கியது நான்தான். கூட வேலை பார்த்த இருவரும் போன கப்பலில் ஊருக்குக் கிளம்பினார்கள். எனக்கு மாற்றாக வர வேண்டியவர் இன்னும் பூமியில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருக்கிறாராம். நன்றாக நிரப்பட்டும்.

மீதமிருக்கும் வாடிக்கையாளர் ஒருவர். அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், கண்ணாடிக் குமிழுக்குள் பன்னிரண்டு மாடுகளோடு தனியாக இருக்கும் நாச்சிமுத்து. பெருந்துறைக்காரர், அறுபதைத் தாண்டியவர். தினமும் மாலை நான்கு மணிக்கு வானொலியில் வருவார். நான் கேட்கும் மனிதக் குரல் அது ஒன்றுதான். ஐந்து நிமிடம் தாமதித்தால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.

நாள் 203 / 16:02
பெறப்பட்ட செய்தி: "அம்மணி, மாதிரி பன்னெண்டும் வண்டியில ஏத்தி உட்டுட்டனுங்க. ஒம்பதாம் நெம்பரு தீவனமே திங்க மாட்டேங்குது. மருந்து ஒருத்தருக்குப் பத்தற அளவுதான் கெடக்குது. யாருக்குக் குடுக்கோணும்னு பாத்துச் சொல்லுங்க."

நாள் 206 / 14:30
ஆளில்லா வண்டி மூன்று நாளில் வந்து சேர்ந்தது. பன்னிரண்டு குப்பிகள், ஒவ்வொன்றிலும் மாட்டின் காதுவில்லை எண்.

முறை எளிது. குழித்தட்டில் இரத்த நீரை விட வேண்டும், சாயம் சேர்க்க வேண்டும். நோய் இருந்தால் குழி மஞ்சளாகும். அளவு 0.30-ஐத் தாண்டினால் நோய் உண்டு. எண் 9: 1.90. பத்து மாடுகள் 0.08-க்கும் 0.12-க்கும் இடையில். எண் 17: 0.01. கணினியே "இல்லை" என்று அச்சடித்தது. நானும் கையெழுத்துப் போட்டேன்.

நாள் 206 / 16:05
அனுப்பியது: "ஒன்பதுக்கு நோய் இருக்குண்ணா. மத்த பதினொண்ணுக்கும் இல்ல. அதுலயும் பதினேழு சுத்தமோ சுத்தம், இப்படி ஒரு ஆரோக்கியத்தை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல. மருந்தை ஒன்பதுக்கே குடுத்துடுங்க."
பெறப்பட்டது: "பதினேழுக்கு ஒண்ணுமே இல்லீங்களா? நல்லாப் பாத்தீங்களா அம்மணி?"
அனுப்பியது: "என் டெஸ்ட் மேலயே சந்தேகமா?"
பெறப்பட்டது: "அட, உங்க மேல சந்தேகப்படுவனுங்களா. அப்பச் செரிங்க. மனசு நெம்ப லேசா இருக்குது."

அவர் குரல் இவ்வளவு தெளிவாக இருந்ததே இல்லை. எனக்கும் சந்தோஷமாக இருக்கிறது. மதியச் சாப்பாட்டுத் தட்டைக்கூடக் கழுவி வைத்தேன்.

நாள் 215 / 11:20
எண் 9 தேறிவிட்டதாம், தீவனம் தின்கிறதாம். ஆனால் நாச்சிமுத்து நேற்றும் முந்தாநாளும் நான்கு மணிக்கு வரவில்லை. ஆறு மணிக்கு வந்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு இருமினார். புழுதி தொண்டையில் இறங்கியிருக்கும் என்றார். நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு சரியாகப் பதில் சொல்லவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என் மூஞ்சியை?

வேலை: பரிசோதனையின் எல்லையை இன்னும் நுணுக்கமாக்குவது. நோயற்ற மாடுகளின் அளவுகளை வரிசைப்படுத்தினேன். எல்லாம் ஒரே கூட்டமாக நின்றன. எண் 17 மட்டும் தள்ளி, அதலபாதாளத்தில்.

என் சாயம் மாட்டு இரத்தத்துக்கென்றே செய்தது. நோயே இல்லாத மாடாக இருந்தாலும் இலேசாகவாவது ஒட்டும். 0.01 என்றால் ஆரோக்கியம் என்று பொருளல்ல. குழியில் மாட்டு இரத்தமே இல்லை என்று பொருள்.

நாள் 215 / 11:50
முதலில் எனக்கு வந்தது கோபம். சிவப்புத் தண்ணீரை ஊற்றி அனுப்பி என்னை ஏமாற்றியிருக்கிறார் என்று நினைத்தேன். குப்பியில் மிச்சமிருந்ததை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தேன். இரத்தம்தான்.

அந்தக் குமிழுக்குள் மாட்டைத் தவிர இரத்தம் ஓடும் உயிர் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது.

நாள் 215 / 13:40
எந்தப் பிராணியின் இரத்தத்திலும் இந்த நோயைக் காட்டும் பொதுச்சாயம் அலமாரியில் கிடந்தது. ஒப்பிட்டுப் பார்க்க என் விரலையே குத்திக்கொண்டேன். என் குழி வெளிறிப்போய் இருந்தது. அவர் குழி மஞ்சள். மஞ்சள் என்றால் எண் 9-ஐ விட மஞ்சள்.

நல்லாப் பாத்தீங்களா என்று கேட்டாரே. வாய் திறந்து கேட்டாரே அந்த மனிதர்.

நாள் 215 / 16:31
அனுப்பியது: "பதினேழாம் குப்பியில இருக்கறது உங்க ரத்தமாண்ணா?"
பெறப்பட்டது: "கண்டுபுடிச்சுட்டீங்களா. பதினேழு செத்து நாலு மாசமாச்சுங்க. பன்னெண்டுல ஒண்ணு கொறைஞ்சாலும் பண்ணைய மூடி, மிச்சத்தையும் கொன்னு போட்டுருவாங்கொ. அதான் அது காதுவில்லைய நானே சட்டைக்குள்ள குத்திக்கிட்டேன். ட்யூபைக் காலியா அனுப்புனா நீங்க கேப்பீங்க. எனக்கும் காய்ச்சலா இருந்துது. ஒரே வேலையில ரெண்டும் முடியட்டும்னு நெனச்சனுங்க."
அனுப்பியது: "மருந்து மிச்சம் இருக்காண்ணா?"
பெறப்பட்டது: "ஒம்பதுக்குத்தான் முழுசாக் குடுத்தாச்சுங்களே. உங்க ரிப்போர்ட்டு வந்த அன்னிக்கே."

அவரைத் திட்டினேன். பைத்தியக்காரத்தனம், படிப்பறிவு இல்லையா என்றெல்லாம். திட்டியிருக்க வேண்டியது கையெழுத்துப் போட்டவளை.

நாள் 215 / 18:00
தலைமை மையத்துக்கு மீட்பு கேட்டுச் செய்தி. பதில்: புயலில் மீட்புக்கலம் இறங்க முடியாது, குறைந்தது முப்பது நாள்.

கிருமி வளர்க்கும் தட்டுகளில் கலக்க வைத்திருக்கும் மருந்துத்தூள் என்னிடம் இருக்கிறது. மாட்டு மருந்தும் அதுவும் ஒன்றுதான். பதினான்கு பொட்டலங்களாக எடை போட்டுக் கட்டினேன். அவசரத்தில் இரண்டு முறை கொட்டியது. வண்டி 17:45-க்குக் கிளம்பிவிட்டது. வண்டியில் காற்று கிடையாது, ஆள் ஏற முடியாது. இருந்திருந்தால் ஏறியிருப்பேன்.

நாள் 217 / 10:00
காதுவில்லைகள் மணிக்கொருமுறை உடல்வெப்பம் அனுப்பும். நாலு மாதமாக எண் 17 "வெப்பம் குறைவு" என்றே வந்துகொண்டிருந்தது. வில்லை பழுது என்று எழுதி ஒதுக்கியிருந்தேன். இரண்டு வாரமாக 39 டிகிரி. மாட்டுக்கு அது சரியான அளவு. அவர் காய்ச்சலில் வேகும்போதெல்லாம் என் திரையில் "எண் 17: இயல்பு" என்று பச்சை விளக்கு எரிந்திருக்கிறது.

நாள் 217 / 16:00
அவரே வந்தார்.
பெறப்பட்டது: "அம்மணி, நீங்க திட்டுனது நல்லா இருந்துதுங்க. ஊட்டுல பொம்பளைங்க திட்டிக் கேட்டு ஏழெட்டு வருசமாச்சு. எந்திரிக்கத்தான் முடியல. வண்டி எப்ப வருமுங்க?"
அனுப்பியது: "நாளைக்கு வந்துடும். வாசல் கதவுகிட்டயே படுத்துக்குங்க. எப்படியாவது அங்க போயிடுங்கண்ணா."
பெறப்பட்டது: "இங்க மாடுகளுக்கு நடுவுல கதகதன்னு இருக்குது. பாக்கறேன்."

நாள் 218 / 16:00
அவர் வரவில்லை. வண்டி புழுதியில் சிக்கி மீள ஒன்பது மணி நேரம் ஆனது. எண் 17: 40.6. வானொலியை அணைக்காமல் பேசிக்கொண்டே இருந்தேன். என்னென்னவோ சொன்னேன். தனியாக இருப்பது எனக்குப் பிடிக்கும் என்று அவரிடம் சொன்னதெல்லாம் பொய் என்றும் சொன்னேன்.

நாள் 219 / 07:15
வண்டி குமிழ் வாசலை அடைந்தது.
வண்டியின் செய்தி: "பெறுநர் உள்ளிருந்து கதவைத் திறக்க வேண்டும். காத்திருக்கிறது."
நோய்த்தடுப்பு விதி அப்படி. அந்த விதிக்குழுவில் நானும் இருந்தேன்.
எண் 17: 40.1. இயல்பைவிட அதிகம்.

நாள் 219 / 09:15
எண் 17: 38.6. பச்சை விளக்கு.
காய்ச்சல் இறங்குகிறது. இறங்கட்டும். எழுந்திருங்கண்ணா. கதவு பத்தடிதான்.

நாள் 219 / 10:15
வண்டி: "பெறுநர் வரவில்லை. திரும்பலாமா?"
காத்திரு.
எண் 17: 36.4.

12:15
33.0. வெப்பம் குறைவு.
"திரும்பலாமா?"
காத்திரு.

15:15
பண்ணையின் எச்சரிக்கை, இரண்டு நாளாகப் பால் கறக்கப்படவில்லை: எண் 9. எண் 11. எண் 14. வரிசையாக வருகிறது. அவை கத்திக்கொண்டிருக்கும்.
எண் 17: 28.

16:00
நான்கு மணி. வானொலியைத் திறந்து வைத்திருக்கிறேன். தாமதமானால் பரவாயில்லை, கோபப்பட மாட்டேன்.

நாள் 220 / 08:15
எண் 17: 19. குமிழுக்குள் காற்றின் வெப்பமும் 19.
"பெறுநர் வரவில்லை. திரும்பலாமா?"

காத்திரு.

09:15
காத்திரு.

10:15
காத்திரு