நாய் மட்டும் என் பெயரில்

கால்டன் ஹார்பர், மிச்சிகன்
ஜூன் 12

அன்புள்ள காஸ்,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், வேறு யார் வாயாலாவது நீ கேட்பதற்கு முன்னால். நேற்றுக் கல்லூரியில் சேரப் போனேன் அல்லவா? நீளமாக ஒரு வரிசை நின்றது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போடுகிற நீலக் கவுன், கைப்பை சகிதம் நானும் போய் வாலில் ஒட்டிக்கொண்டேன். அரை மணி நேரம் ஊர்ந்து முன்னால் போனால், அது சேர்க்கை வரிசையே இல்லை. புதுப் பிள்ளைகளுக்கு இலவசமாக ஹாட் டாக் கொடுக்கிறார்கள்! கொடுத்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யாரோட அம்மா?" என்றாள். நாற்பத்தாறு வயதில் "நான்தான் மாணவி" என்று சொல்ல நாக்கு எழவில்லை. "டைலரோட அம்மா" என்று சொல்லிவிட்டேன். இந்த நாட்டில் எந்தக் கூட்டத்திலும் ஒரு டைலர் இருப்பான் என்கிற தைரியம்தான். மூன்று டைலர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருத்தன், "எங்கம்மா இவ்வளவு குள்ளம் இல்லையே" என்றான். நமக்குப் பிள்ளை இல்லாத குறை ஒரே நாளில் மூன்று மடங்காகத் தீர்ந்தது. ஹாட் டாக்கைத் திருப்பிக் கொடுத்தேனா என்று கேட்காதே. இரண்டாவதும் வாங்கினேன்.

பிறகு உண்மையான சேர்க்கை ஜன்னலைக் கண்டுபிடித்தேன். அங்கே இருப்பவள் மிஸ் ஹோல்ம். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகவே ஆளைப் பார்க்கிறவள்; கண்ணாடியை எதற்குத்தான் போட்டிருக்கிறாளோ. பல் சுத்தம் செய்கிற படிப்பில் எனக்கு ஒரு இடம் வைத்திருக்கிறாள், காஸ்! மொத்தமே பன்னிரண்டு இடம்தான். ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். சம்பளம் வாங்கிக்கொண்டு திறக்கச் சொல்லிப் பார்க்கிறேனே. இருபது வருஷமாகப் பள்ளிக்கூடச் சமையலறையில் மக்ரோனி கிளறினது போதும்.

ஆனால் இடம் இன்னும் கைக்கு வரவில்லை. கணக்குப் பரீட்சை எழுத வேண்டும். பழைய பள்ளிச் சான்று வேண்டும். இந்த ஊரில்தான் குடியிருக்கிறேன் என்று நிரூபிக்க வேண்டும். கடைசியாக உன் சம்மதம். எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டதால், உன் வருமானத்தையும் பார்த்துவிட்டுத்தான் அரசாங்கம் படிப்புக்கு உதவி தருமாம். உன் போனுக்கு மின்னஞ்சலில் ஓர் அழைப்பு வந்திருக்கும். திறந்து, சம்மதம் என்று அழுத்தினால் போதும், ஒரு காபி ஆறுவதற்குள் முடிகிற வேலை. ஆகஸ்ட் 15-க்குள் அது நடக்காவிட்டால் உதவி கிடையாது; உதவி இல்லாவிட்டால் இடம் அடுத்தவளுக்கு.

சுக்கானை வேறு யார் கையிலாவது கொடுத்துவிட்டு அதைக் கொஞ்சம் பார்.

உன்,
டோரீன்

---

'ஆல்பர்ட் விண்டர்' கப்பலிலிருந்து
ஜூன் 24

என் டோரீன்,

உன் கடிதம் டெட்ராய்ட் நதியில் கிடைத்தது. தபால் படகு பக்கத்தில் வந்ததும் நான்தான் கயிற்றில் வாளியை இறக்கினேன். நாலு பில், இரண்டு பத்திரிகை, உன் கையெழுத்து. இருபத்துமூன்று வருஷமாகிறது, இன்னமும் வாளி மேலே வந்ததும் முதலில் உன் கடிதத்தைத்தான் தேடி எடுக்கிறேன்.

டைலர் கதையைச் சாப்பாட்டு மேஜையில் வாசித்துக் காட்டினேன். சமையல்காரன் ஓர்விலுக்குப் புரையேறி சூப் மூக்கு வழியாக வந்துவிட்டது. "உன் பொண்டாட்டிய கப்பலுக்குக் கூட்டிட்டு வாடா, டிவியே வேணாம்" என்கிறான்.

போன் விஷயம் சொல்லவேண்டும். ஏரி நடுவில் சிக்னலே கிடையாது. போதாக்குறைக்குப் போன வாரம் அது எஞ்சின் அறைப் பக்கம் தண்ணீரில் விழுந்தது. ஓர்வில் அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்திருக்கிறான். பிழைக்குமா தெரியவில்லை.

படிப்பு எத்தனை நாள்? ஜனவரி, பிப்ரவரியிலும் வகுப்பு இருக்குமா? சும்மாதான் கேட்டேன்.

முத்தங்களுடன்,
காஸ்

---

கால்டன் ஹார்பர்
ஜூலை 6

அன்புள்ள காஸ்,

ஓர்விலுக்கு என் அனுதாபம். மூக்கு வழியாக வந்தது எந்த சூப் என்று எழுதவில்லையே?

கேள், இந்த வாரம் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தேன். நான் இந்த ஊரில் குடியிருக்கவில்லை. ஆமாம். ஓட்டுநர் உரிமம் மட்டும் போதாதாம், முகவரியோடு இன்னொரு காகிதம் வேண்டுமாம். இல்லாவிட்டால் வெளியூர்க்காரி கணக்கில் இரட்டைக் கட்டணம். மிஸ் ஹோல்ம் ஆரம்பித்தாள்:

"மின்சார பில் இருக்கா?"

"இருக்கு. வீட்டுக்காரர் பேர்ல."

"வீட்டுப் பத்திரம்?"

"அதுவும் அவர் பேர்ல."

"கார்?"

"அவர் பேர்லதான். ஆனா ஓட்டறது, கழுவறது, கம்பத்துல மோதறதெல்லாம் நான்."

"உங்க சம்பளச் சீட்டு?"

கொடுத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல தபால் பெட்டி எண்தான் போட்டிருக்கு. நீங்க பெட்டிக்குள்ளயா குடியிருக்கீங்க?" என்றாள். எனக்குப் பின்னால் நின்ற பையன் சிரித்தான். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது, இவ்வளவு வருஷம் எந்தக் காகிதத்துக்கும் வெளியேதான் இருந்திருக்கிறேன், இப்போதுதான் தெரிகிறது.

வீட்டுக்கு வந்து எல்லா இழுப்பறையையும் தரையில் கவிழ்த்தேன். டோஸ்டரின் உத்தரவாதச் சீட்டுகூட உன் பெயரில்தான் இருக்கிறது. நீ அந்த டோஸ்டரைத் தொட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. கடைசியில் எது கிடைத்தது தெரியுமா? பிக்கிளின் உரிமம்! நாயைப் பதிவு செய்கிற நாளில் நீ கப்பலில் இருந்தாய் அல்லவா? உரிமையாளர்: டோரீன் பிலார்ஸ்கி, 14, லைட்ஹவுஸ் தெரு. அதை எடுத்துக்கொண்டு ஓடினேன். மிஸ் ஹோல்ம் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "நாய் உயிரோட இருக்கா?" என்றாள். "வெளியில கார்ல இருக்கான், கூட்டிட்டு வரட்டுமா?" என்றேன். முத்திரையைக் குத்திவிட்டாள். ஆக, நான் இந்த ஊர்க்காரி என்பதற்கு நாய்தான் சாட்சி.

பள்ளிச் சான்று தனிக் கூத்து. நாம் படித்த செயின்ட் ஹயசிந்த் பள்ளியை மூடிவிட்டார்களே, அதன் பழைய ஏடுகள் எல்லாம் பிஷப் வீட்டு நிலவறையில் கிடக்கின்றன. மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போனேன். வாங்கி வந்துவிட்டேன். மதிப்பெண்களைப் பற்றிப் பேசவேண்டாம்.

ஜனவரி, பிப்ரவரியிலும் வகுப்பு உண்டு. சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டில் இருப்பேன்.

போன் அரிசியில் கிடந்தால் கிடக்கட்டும். எந்தத் துறைமுகத்திலும் நூலகம் இருக்கும், எந்தக் கணினியிலும் அந்த அழைப்பைத் திறக்கலாமாம். மிஸ் ஹோல்மிடம் கேட்டுவிட்டேன்.

உன்,
டோரீன்

---

'ஆல்பர்ட் விண்டர்', சுப்பீரியர் ஏரி
ஜூலை 19

என் டோரீன்,

டுலூத்தில் ஞாயிற்றுக்கிழமை கரையேறினேன். நூலகம் பூட்டியிருந்தது. அடுத்த துறைமுகத்தில் ஏற்றி வந்த சுண்ணாம்புக் கல்லை இறக்கிவிட்டு உடனே கிளப்பிவிட்டார்கள். நீ நினைப்பதுபோல இங்கே நேரம் நம் கையில் இல்லை.

போன குளிர்காலத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். ஏரி உறைந்து கப்பல்களைக் கட்டிப்போட்ட பிறகு வருகிற அந்த மூன்று மாதம். ஏரி மேல் பனிக்கட்டியில் நம் குடிசை, தூண்டில் இறக்க நடுவில் துளை, சின்ன அடுப்பு. நீ பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து ஊரில் எவன் எவளோடு போனான் என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். மீன் ஒன்றுகூடச் சிக்கவில்லை. உன் சத்தத்துக்கு எப்படிச் சிக்கும். ஆனாலும் வருஷத்தில் ஒன்பது மாதம் நான் எதற்காகத் தண்ணீரில் கிடக்கிறேன் என்று யாராவது கேட்டால், அந்தக் குடிசையைத்தான் சொல்வேன். இந்த வருஷம் இரண்டு பேருக்கு நல்ல பெஞ்சாகச் செய்ய மரம் எடுத்து வைத்திருக்கிறேன்.

நமக்கு இப்போது என்ன குறை, டோரீன்? வீட்டுக் கடன் தீர்ந்தது. என் சம்பளம் போதாதா? ஜனவரியில் நான் தனியாகப் பனிமேல் உட்கார்ந்தால் ஊர்க் கதையை யார் சொல்வார்கள்?

கோபித்துக்கொள்ளாதே. உனக்குக் கெட்டிக்காரத்தனம் போதாது என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

காஸ்

---

கால்டன் ஹார்பர்
ஆகஸ்ட் 3

அன்புள்ள காஸ்,

முதலில் நல்ல செய்தி: கணக்கில் பாஸ். அதற்கு முந்தைய செய்தி: முதல் தடவை ஃபெயில். ஒரு குழாய் தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்பும், இன்னொரு குழாய் அதைக் காலி பண்ணும், தொட்டி எப்போது நிரம்பும் என்று கேட்கிறார்கள். எந்த மடையன் இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டான் என்று யோசித்துக்கொண்டே இருந்ததில் நேரம் போய்விட்டது. இரண்டாவது தடவைக்கு முன்னால் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் தேவாலயத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து எனக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தார்கள். பியரோகிக் கொழுக்கட்டையை வெட்டி வெட்டிக் காட்டினார்கள். பாடம் புரிந்தது, கவுன் ஜிப்தான் இப்போது ஏறமாட்டேன் என்கிறது.

உன் பெஞ்சைப் பற்றி நினைத்தேன். நிறையவே நினைத்தேன். சனி, ஞாயிறு முழுக்கப் பனிமேல் உன்னோடு உட்காருகிறேன், பாடப் புத்தகத்தையும் எடுத்து வருகிறேன். கடைவாய்ப் பல்லைப் பற்றி உரக்கப் படித்தால் மீனும் கேட்டுக்கொள்ளட்டும்.

நமக்கு என்ன குறை என்று கேட்டாய். நீ கிளம்பிப்போன பிறகு ஏப்ரல் முதல் டிசம்பர் வரை இந்த வீட்டில் நான் யாரிடம் பேசுகிறேன் என்று நீ கேட்டதே இல்லை. பிக்கிள் நல்ல நாய்தான். ஆனால் அவனுக்கு நான் சொல்கிற எல்லாக் கதையும் தெரியும்.

இனிமேல் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. உன் கப்பல் 11-ஆம் தேதி நம் துறைமுகத்துக்கே கல் ஏற்ற வருகிறது, ஆறு மணி நேரம் நிற்கும் என்று துறைமுகத்தில் விசாரித்துவிட்டேன். நூலகத்திலிருந்து ஒரு மடிக்கணினி இரவல் வாங்கிக்கொண்டு துறைமுக வாசல் கேட்டில் நிற்பேன். நீ பத்து நிமிஷம் இறங்கி வந்தால் போதும். சம்மதம் வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால், அதையும் கேட்டில் வந்து என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடு. நான் கேட்டுக்கொள்வேன். பெரிய பெண்தானே, டைலருக்கு அம்மா வேறு.

நீலக் கவுனில் வருகிறேன். ஜிப் ஏறாவிட்டாலும்.

உன்,
டோரீன்

---

'ஆல்பர்ட் விண்டர்'
ஆகஸ்ட் 12

டோரீன்,

நேற்றுக் கேட் வரைக்கும் வர முடியவில்லை. கல் ஏற்றும்போது ஒருத்தனுக்கு உடம்பு சரியில்லை, அவன் முறையையும் என்னையே பார்க்கச் சொல்லிவிட்டார்கள். மேல் தளத்திலிருந்து கையாட்டினேன். உன் நீலக் கவுன் தெரிந்தது. நீ பார்த்தாயா?

அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாமே. கல்லூரி எங்கே போய்விடப் போகிறது.

காஸ்

---

கால்டன் ஹார்பர்
ஆகஸ்ட் 28

காஸ்,

பார்த்தேன். நானும் கையாட்டினேன். கேட் காவலாளி ஸ்டான் எனக்கு நாற்காலி போட்டுக் கொடுத்தான். மூன்று மணி நேரம் கழித்து, "வருவாரும்மா, வருவாரு" என்றான். ஐந்தாவது மணி நேரத்தில் தன் சாண்ட்விச்சில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான். டூனா. நல்ல டூனா. உடம்பு சரியில்லாதவன் யார் என்று நான் கேட்கவில்லை. ஓர்வில் மட்டும் கரைக்கு வந்தான், வெங்காயம் வாங்க. என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். சாவு வீட்டில் கழற்றுவார்களே, அந்த மாதிரி.  

பதினைந்தாம் தேதி கல்லூரி மூடுகிற வரைக்கும் மிஸ் ஹோல்ம் என் பெயரை அழிக்காமல் வைத்திருந்தாள். ஐந்து மணிக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் அதைக் கழற்றி நான் பார்த்ததில்லை. "எப்ப வேணும்னாலும் அவர் மாத்தி அழுத்தலாம்னு சொல்லிட்டேதான் இருந்தேன்" என்றாள். என் இடம் ஒரு சின்னப் பெண்ணுக்குப் போயிருக்கிறது. அவளை எனக்குப் பிடித்திருக்கிறது, அதுதான் எரிச்சல். கை நடுங்காத பெண்.

அப்புறம் மிஸ் ஹோல்ம் மேஜையைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். கணவரைப் பிரிந்து வாழ்கிறவர்களுக்கு அடுத்த வருஷ விண்ணப்பத்தில் கணவரின் சம்மதம் தேவையில்லையாம். "விதி என்னன்னு சொல்றேன், அவ்வளவுதான்" என்றாள். "புரியுது" என்றேன்.  

சாஜினாவில் அக்கா லொரெய்ன் வீட்டில் மாடி அறை காலியாக இருக்கிறது. அங்கேயும் ஒரு கல்லூரி, அங்கேயும் ஒரு ஜன்னல். இந்தத் தடவை வரிசையை விசாரித்துவிட்டு நிற்பேன்.

வீட்டை அப்படியே விட்டிருக்கிறேன். தண்ணீரை மூடியாயிற்று. கார் கொட்டகையில் இருக்கிறது, உன் பெயரில். லொரெய்ன் வந்து கூட்டிப்போகிறாள். டோஸ்டரும் உன்னுடையதே. பிக்கிளை மட்டும் கூட்டிப்போகிறேன். உரிமத்தில் யார் பெயர் என்று உனக்குத் தெரியும். பெஞ்சுக்கான மரம் நனையாமல் இருக்கப் போர்த்தி வைத்திருக்கிறேன். நல்ல மரம். ஒருத்தர் உட்காருகிற அளவுக்கு அறுத்தால் பாதி மிச்சமாகும்.

வாளியை இறக்கும்போது கயிற்றைக் கவனி, போன வருஷமே பிரிந்திருந்தது என்றாய்.

டோரீன்

பி.கு. ஓர்விலிடம் சொல், இனி போனை அரிசி மூட்டையிலிருந்து எடுத்துவிடலாம். அழைப்பைத் திறந்து 'சம்மதமில்லை' என்று நீ அழுத்திய செய்தி ஜூன் 11 சாயங்காலமே எனக்கு வந்துவிட்டது. முதல் கடிதத்தை நான் மறுநாள்தான் எழுதினேன்.