கயிறில்லாமல் வீடு வந்த கார்

இஞ்சேருங்கோ, என் ராசா,

உங்கள் ஆண்டுத் திவசத்துக்குப் பேப்பரில் போடவென்று மகன் ரவி யாரிடமோ பாட்டு எழுதுவித்து வைத்திருந்தான். விளக்கு, விண், தென்றல் என்று என்னென்னவோ இருந்தது. நீங்கள் எங்கே தென்றலாய் இருந்தீர்கள்? சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வரம்பில் நின்ற மனுசன். வேண்டாமென்று சொல்லிவிட்டு, என் ஐந்தாம் வகுப்பு எழுத்தில் நானே எழுதுகிறேன். இந்த முறை உங்களுக்குச் சொல்ல நல்ல செய்தி இருக்கிறது. நாங்கள் வென்றுவிட்டோம்.

யாரை என்று கேட்கிறீர்களா? உங்கள் அத்தான் செல்லத்துரை அண்ணையைத்தான். உங்கள் அக்காவும் இப்போது மேலே உங்களோடுதான் இருக்கிறா, அவவுக்கு இதை வாசித்துக் காட்டாதீர்கள். அண்ணை இங்கே தினமும் பேப்பர் பார்க்கிற ஆள். அவர் வாசிக்கட்டும்.

அந்தச் சிவராத்திரியை நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. திருக்கேதீஸ்வரத்தில் விடிய விடிய முழித்துவிட்டு வரும்போது எங்கள் பழைய வான் உயிலங்குளத்தடியில் நின்றுவிட்டது. செல்லத்துரை அண்ணை உழவு மெசினோடு வந்து, கயிறு கட்டி, எங்கள் ஊர் முருங்கன் வரைக்கும் இழுத்துவந்தார். உதவிதான், இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கலியாண வீட்டுக்குப் போனாலும், "அண்டைக்கு நான் இல்லாட்டி இவையின்ர குடும்பம் றோட்டிலை" என்று தொடங்கிவிடுவார். பந்தியில் இருக்கிற நீங்கள் சிரித்துக்கொண்டே சோற்றைக் குழைப்பீர்கள்.

அதோடு விட்டாரா? கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வருகிற முறையில், "மச்சான், இந்த முறை எனக்கு விடன்" என்று கேட்டார். விட்டீர்கள். அந்தப் போகம் எங்கள் நெல் கதிர் தள்ளப்போகிற குடலைப் பருவத்தில் வெடித்த நிலத்தில் நின்று கருகியது. ஏன் விட்டீர்கள் என்று கேட்டதற்கு, "அக்காவின்ர புருசனோடை என்னெண்டு கதைக்கிறது?" என்றீர்கள். அக்காவின் புருசன் என்றால் வயலுக்குத் தாகம் எடுக்காதா?

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். ரவியின் மகள் கௌசியை நீங்கள் பாவாடை சட்டையோடுதான் பார்த்தீர்கள். இப்போது அவள் ரீச்சர். முசலிப் பக்கத்துப் பள்ளிக்கூடம். பஸ்ஸை நம்பினால் முதலாம் பாடம் போய்விடும் என்று லீசிங்கில் ஒரு பழைய சின்னக் கார் எடுத்து, தானே ஓடிக்கொண்டு போய் வருகிறாள். பற்றைக்காடும் வெயிலுமான அந்த றோட்டில் ஒருநாள் கார் நின்றுவிட்டது. ரவி உடனே செல்லத்துரை அண்ணைக்குக் கோல் எடுத்தான். திரும்பவும் உழவு மெசின். கயிறு மட்டும் புதிது, நைலோன்.

அந்தக் கிழமை முடிய முதல் அண்ணை வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றார். தன் பேரனுக்குக் கௌசியைக் கேட்டு. பெடியனில் நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கௌசிக்கு விருப்பமில்லை.

"றோட்டிலை நிண்ட பிள்ளையை நான்தானே கொண்டுவந்து சேர்த்தனான். இனியும் நாங்களே பாக்கிறம். பிறகு அவவுக்கு இந்தக் கார் ஓட்டமும் தேவைப்படாது" என்றார்.

ரவி உங்கள் பிள்ளைதானே. உங்கள் சிரிப்பையே சிரித்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்லுறம் மாமா" என்றான். குசினிக்குள் கௌசி சோற்றுத் தட்டில் கை வைக்காமல் இருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கார் இன்சூரன்ஸ் புதுப்பிக்கிற நாளும் வந்தது. இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கட்டினால், கார் எங்கே நின்றாலும் ஒரு கோலில் வந்து ஏற்றிக்கொண்டு போவார்களாம். கட்டுவதா விடுவதா என்று வீட்டில் பெரிய நியாயம் நடந்தது.

"வீண் செலவு அம்மா. கார் நிக்கும், நிக்காமலும் விடும். நிண்டாலும் மாமா சும்மா வருவார்தானே" என்றான் ரவி.

"சும்மாவோ? சும்மா இழுத்ததுக்குத்தான்ரா இப்ப உன்ர பெட்டையைக் கேக்கிறார்!"

கௌசியின் ஃபோனை வாங்கிக் கொம்பனியோடு நானே கதைத்தேன். ஒரு பெட்டை எடுத்தாள்.

"பிள்ளை, முசலிப் பக்கமும் வருவியளோ?"

"ஓம் அம்மா. மன்னாரிலையிருந்து வாகனம் வரும். கொஞ்சம் பிந்தலாம்."

"வந்து ஏத்தினாப் பிறகு என்ன கேப்பியள்?"

"ஒரு கையெழுத்து மட்டும்."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை அம்மா."

"கலியாண வீட்டிலை வந்து சொல்லிக்காட்ட மாட்டியள்?"

 பிள்ளை சிரித்துவிட்டாள். "நாங்கள் கலியாணத்துக்கு வாறேல்லை அம்மா."

எனக்கு அது போதும். நெல் விற்ற காசில் நானே கட்டச் சொன்னேன்.

எல்லோரும் கட்டத்தான் வேண்டுமென்று நான் சொல்லமாட்டேன். பக்கத்து வீட்டு மரியதாஸ் கொட்டுகிற மழையில் எங்கள் வானுக்கு ரயர் மாற்றித் தந்தானே, நினைவிருக்கிறதா? பிறகொருநாள் நான் அதைச் சொல்லி நன்றி சொன்னபோது, "எப்ப அக்கா?" என்று கேட்டான். அப்படி மனிதர் றோட்டு நெடுகிலும் நின்றால் கொம்பனி எதற்கு? ஆனால் கார் நிற்கிற இடத்துக்கு மரியதாஸ்தான் வருவான் என்று யார் சொல்வது?

வெற்றிலைத் தட்டுக்கு மறுமொழி சொல்லாமலே நாள் இழுபட்டது. அதற்குள் கார் மறுபடி நின்றது, சிலாவத்துறை றோட்டில். கௌசி கொம்பனிக்குச் சொல்லிவிட்டு எனக்கும் சொன்னாள். ஓட்டோ பிடித்துப் போய் இறங்குகிறேன், செல்லத்துரை அண்ணை எனக்கு முன்னமே அங்கே நிற்கிறார்! வயலுக்குப் போன யாரோ அவருக்குச் சொல்லிவிட்டார்களாம். கயிறு கையில்.

"வேண்டாம் தாத்தா, வாகனம் வருகுது" என்று கௌசி சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்கையிருந்து?"

"மன்னாரிலையிருந்து."

"மன்னாரிலையிருந்தோ! றோட்டிலை படுக்கிற கழுதையள் வழிவிட்டு, பாலம் தாண்டி அது வாறதுக்குள்ளை பொழுதுபட்டிடும். வெயிலுக்கை நிண்டு கறுக்காமல் ஏறிக் காருக்கை இரு. நான் கட்டுறன்."

"வேண்டாம் தாத்தா."

அவர் போகவில்லை. வராது என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக நின்றார். நாங்களும் நின்றோம். உங்களுக்கு ஒளிக்கவில்லை, எனக்குப் பயம்தான். அது வராவிட்டால் இவர் கயிற்றில்தான் வீடு போகவேண்டும். போனால் ரவி அன்றைக்கே சம்மதித்துவிடுவான். தூரத்தில் புழுதி கிளம்பியது, மணல் ஏற்றின ரிப்பர் லொறி. பிறகு ஒரு மீன் லொறி. ஒவ்வொன்றுக்கும் அண்ணை, "உதோ உங்கட கொம்பனி?" என்று கேட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வருகிறது வரட்டும், வராதது போகட்டும் என்று வாயைத் திறந்துவிட்டேன்.

"அண்ணை, உங்கட பேரனுக்கு வேற இடம் பாருங்கோ. எங்கட பிள்ளைக்கு விருப்பமில்லை."

"அதை ரவி சொல்லட்டும்."

"ரவி சொல்லமாட்டான். அவன்ர தேப்பனும் சொல்லேல்லை. அதுதான் நான் சொல்லுறன்."

"அண்டைக்கு நான் இல்லாட்டி..."

"அண்டைக்கு இழுத்ததுக்கு ஒரு போகத் தண்ணி தந்தாச்சு. இண்டைக்கு இழுக்க விடுறதாயில்லை."

உங்களோடு வாழ்ந்த காலமெல்லாம் நான் விழுங்கிய வார்த்தைகள் இவ்வளவுதான். சொல்ல எவ்வளவு கொஞ்ச நேரம் எடுத்தது!

அதற்குப் பிறகும் நெடுநேரம் நின்றோம்.  மஞ்சள் விளக்குச் சுழல அந்த வாகனம் வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. பிந்தித்தான் வந்தது, ஆனால் வந்தது. இழுக்கவில்லை, பாருங்கோ. திருவிழாவுக்குச் சாமியை எழுந்தருளப் பண்ணுவதுபோலக் காரைத் தூக்கி மேலே வைத்தார்கள். சாரதி ஒரு முஸ்லிம் தம்பி. "ஏறுங்க உம்மா, முன்னுக்கு இருக்கலாம்" என்றான். செல்லத்துரை அண்ணை உழவு மெசினில் ஏறிக்கொண்டு, திரும்பிப் பாராமல் போனார். முருங்கன் கடையடி முழுக்கப் பார்க்க நாங்கள் உயரத்தில் இருந்து வந்தோம். கார் திருத்துகிற கராச்சில் இறக்கி, கையெழுத்து வாங்கி, தேத்தண்ணி குடிக்கவும் நில்லாமல் அந்தத் தம்பி போய்விட்டான். அவன் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயர் அவனுக்குத் தெரியாது. அதில் எவ்வளவு நிம்மதி!

"மாமா கோவிக்கப் போறார் அம்மா" என்றான் ரவி.

"கோவிக்கட்டும். கோவத்திலை நான் அவருக்குக் குறைஞ்ச ஆளில்லை."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். உங்கள் சிரிப்பில்லை அது, அவனுடைய சொந்தச் சிரிப்பு. கௌசி அன்றைக்கு இரண்டாம் தரமும் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "அத்தான் பாவம், பரமேசு" என்றா? அல்லது அந்த வெயிலில், ஒரேயொரு தரம், எனக்குப் பக்கத்தில் வந்து நின்றிருப்பீர்களா?

கார் நின்றாலும் நிற்காவிட்டாலும் வருசா வருசம் நான் கட்டுவேன். கௌசி தனக்குப் பிடித்தவனைத் தானே காட்டட்டும். பிடிக்காதவர்களுக்கு இல்லையென்று சொல்ல இப்போதைக்கு நான் இருக்கிறேன். அவள் வாயாலேயே அதைச் சொல்லப் பழக்கிவிட்டுத்தான் உங்களிடம் வருவேன், இது சத்தியம். அதுவரைக்கும் என்னை அவசரப்படுத்தாதீர்கள்.

உங்கள் மனுசி பரமேஸ்வரி,
ரவியின் அம்மா, கார் ஓடுகிற கௌசியின் அப்பம்மா